இன்னைக்கு என்ன சாப்பிட்ட?

அம்மா தினமும் ராத்திரி ஒன்பது மணிக்கு போன் செய்வாள். நான் சென்னைக்கு வேலைக்கு வந்த நாளிலிருந்து முதல் கேள்வி மாறியதே இல்லை: "இன்னைக்கு என்னப்பா சாப்பிட்ட?" போன வருடம் ஒரு கட்டத்தில் அந்தக் கேள்வி நின்றுபோனது. ஏன் என்று கேட்டேன். "என்னத்தக் கேக்குறது? காலைல ரெண்டு முட்டை, மத்தியானம் வெள்ளரிக்காயும் கோழியும், ராத்திரி ஓட்ஸ் கஞ்சி. எனக்கே மனப்பாடம் ஆயிடுச்சு" என்றாள்.

எட்டு மாதம் அதையேதான் தின்றேன். 91 கிலோவிலிருந்து 80-க்கு வந்தேன். முட்டி வலி குறைந்தது. போன பதினோரு கிலோவைப் பற்றி எனக்கு ஒரு புகாரும் இல்லை. புகார் எல்லாம், இந்த ஒரே டப்பாச் சாப்பாட்டுக்கு ஒழுக்கம் என்று பெயர் வைத்தவர்கள் மேல்தான்.

ஜிம்மிலும் சரி, வாட்ஸப் குழுக்களிலும் சரி, ஒரே உபதேசம்: "யோசிக்காதீங்க, அதையே ரிப்பீட் பண்ணுங்க." காலையில் நூறு பாதாமை எண்ணி எடுத்துவைத்த காலத்திலிருந்து இதே பாட்டுதான். சலிக்குது என்று சொல்லிவிட்டால் போச்சு, நாக்கை அடக்கத் தெரியாதவன் என்று பட்டம்.

அவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. பார்பரா ரோல்ஸ் என்ற ஆய்வாளரும் அவரது சகாக்களும் 1980-களின் தொடக்கத்திலேயே இதைக் காட்டிவிட்டார்கள். ஒரே உணவைத் தின்னத் தின்ன அந்த ருசியின் மேல் ஆசை மங்கும்; வேறு ருசி வந்தால் கை மறுபடி நீளும். பந்தியில் வயிறு முட்டிய பிறகும் பாயசத்துக்கு இடம் கிடைப்பது இப்படித்தான். ஆக, ஒரே சாப்பாடு என்றால் குறைவாகச் சாப்பிடுவோம். ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் அது எனக்கு என்ன கற்றுக்கொடுத்தது? டப்பாவை காலி செய்யக் கற்றுக்கொடுத்தது, சாப்பிடக் கற்றுக்கொடுக்கவில்லை. சொந்தக்காரர் கல்யாணத்தில் இலை முன்னால் உட்கார்ந்தபோது எவ்வளவு சோறு போதும் என்றே எனக்குத் தெரியவில்லை. மூன்று நாள் அளவில்லாமல் தின்றேன். அதன் பிறகும் நிற்கவில்லை. இரண்டே மாதத்தில் நாலு கிலோ திரும்பி வந்தது. பயந்துபோய் மறுபடி டப்பாவுக்குள் ஓடினேன். இதற்கு ஒழுக்கம் என்றா பெயர்? வெளியே வரப் பயந்து உள்ளேயே கிடப்பதற்கு வேறு பெயர் உண்டு.

1945-ல் அமெரிக்காவின் மினசோட்டாவில் ஆன்சல் கீஸ் 36 ஆண்களை வைத்து ஒரு சோதனை நடத்தினார். ஆறு மாதம் ரொட்டி, உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ் என்று அரைவயிற்றுச் சாப்பாடு. அவர்களில் சிலர் சமையல் புத்தகங்களைச் சேகரிக்க ஆரம்பித்தார்கள். பேச்சு முழுக்க சாப்பாட்டைச் சுற்றியே வந்தது. அது பட்டினிச் சோதனை, என் டயட்டை அதோடு சமமாக வைப்பது அதிகப்பிரசங்கித்தனம். ஆனாலும், ராத்திரி பதினோரு மணிக்கு ஓட்ஸ் கஞ்சி குடித்துவிட்டு பிரியாணி வீடியோ பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அந்த ஆட்களை நன்றாகவே அடையாளம் தெரிந்தது.

உடம்புக்காவது நல்லதா என்றால் அதுவும் இல்லை. ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட 17 உணவு வழிகாட்டுதல்களில் முதலாவதே, பலவகை உணவுகளைச் சாப்பிடுங்கள் என்பதுதான். எட்டு மாதமாக என் தட்டில் இருந்த ஒரே பச்சை, வெள்ளரிக்காய்த் தோல்.

"தினம் வேற வேற சமைக்க யாருக்கு சார் நேரம்?" என்பார்கள். சரியான கேள்வி. ஆனால் என் ஒழுக்கத்துக்காக எங்கள் வீட்டில் எட்டு மாதம் இரண்டு சமையல் நடந்தது. அந்த நேரம் யாருடையது என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. என் மனைவிதான் கணக்கு வைத்திருந்தாள்.

அம்மா தினமும் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. கீரைக்காரம்மா கூடையில் அன்றைக்கு அரைக்கீரை இருந்தால் அரைக்கீரை, மணத்தக்காளி இருந்தால் மணத்தக்காளி. ஒரு குழம்பு, ஒரு காய், அவ்வளவுதான். சட்டகம் ஒன்று, உள்ளே இருப்பது மட்டும் மாறும். இப்போது நானும் அதைத்தான் செய்கிறேன். அளவை மாற்றுவதில்லை, பதார்த்தத்தை மாற்றுகிறேன். ஒரு கப் சோறு, அதைவிட இரண்டு மடங்கு காய், கூடவே பருப்போ முட்டையோ மீனோ. வீட்டில் ஒரே சமையல். நாலு மாதத்தில் மூன்று கிலோதான் குறைந்திருக்கிறது. மெதுவாகத்தான் போகிறது. ஆனால் போன மாதம் ஒரு பந்தியில் உட்கார்ந்து, போதும் என்று நானே சொல்லி எழுந்தேன்.

அம்மா மறுபடி கேட்கிறாள். "கொள்ளு ரசமும் வாழைத்தண்டுப் பொரியலும்" என்றால், "தண்டுல நார எடுத்தீங்களா?" என்று அடுத்த கேள்வி வருகிறது.

உங்கள் கையில் டயட் சார்ட்டைக் கொடுப்பவரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: "இதை நிறுத்துற அன்னைக்கு நான் எப்படிச் சாப்பிடணும்?" அவரிடம் பதில் இல்லையென்றால், சார்ட்டை அவரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.