பெயரில் இலங்கை... வாழ்க்கை சிங்கப்பூரில்!

இந்தப் பறவையின் அறிவியல் பெயர் 'பிக்னோனோட்டஸ் சைலானிகஸ்'. இதில் 'சைலானிகஸ்' என்றால் இலங்கையைச் சேர்ந்தது என்று பொருள். ஆனால், இலங்கைக் காடுகளில் இது வாழ்ந்ததே இல்லை! 1789-ல் பெயர் வைத்த ஜெர்மன் அறிஞர் க்மெலினுக்குக் கிடைத்த தகவல் அப்படி. அந்தப் பெயரே இன்றுவரை ஒட்டிக்கொண்டுவிட்டது.

நம் வீட்டுத் தோட்டத்துக்கு வரும் கொண்டைக்குருவியின் உறவுக்காரர்தான் இவர். ஆங்கிலத்தில் 'ஸ்ட்ரா ஹெடட் புல்புல்'. வைக்கோல் நிறத் தலை, அலகோரம் மீசைபோலக் கறுப்புக் கோடு, சுமார் 29 செ.மீ நீளம். மைனாவைவிடப் பெரிது.

மலை உச்சியில் தேடினால் கிடைக்காது. தாழ்நிலக் காடுகளில் ஆறு, ஓடை, சதுப்பு இருக்கும் ஓரங்கள்தான் இதன் இடம். ஆள் நடமாட்டம் குறைந்த பழைய தோட்டங்களிலும் இருக்கும். இந்தோனேசியர்கள் இதை 'சுச்சாக் ராவா' என்கிறார்கள். 'ராவா' என்றால் சதுப்பு நிலம். சரியான விலாசத்தோடு பெயர் வைத்தது அவர்கள்தான்!

ஜோடியாகச் சேர்ந்து பாடும் அந்தக் கணீர்க் குரல்தான் வினையானது. ஜாவாவில் கூண்டுப் பறவை வளர்ப்பது கௌரவம். பாட்டுப் போட்டிகளும் உண்டு. காட்டின் நடுவே ஒளிந்திருக்கும் பறவை என்றால் தேட வேண்டும். இதுவோ ஆற்றோரத்தில் உட்கார்ந்து, உரக்கப் பாடித் தன் இருப்பிடத்தைத் தானே சொல்லிவிடும். பிடிப்பவர்களுக்குப் படகில் போனாலே போதும். கூடவே தாழ்நிலக் காடுகளும் அழிக்கப்பட்டன.

விளைவு? தெற்கு மியான்மர் தொடங்கி தாய்லாந்து, மலேசியா, சுமத்ரா, ஜாவா, போர்னியோ வரை பாடித் திரிந்த பறவை, இன்று தாய்லாந்திலும் ஜாவாவிலும் காட்டில் இல்லை. சுமத்ராவிலும் அழிந்துவிட்டதாகவே கருதப்படுகிறது. 2018-ல் இது 'மிக அருகிய இனம்' என அறிவிக்கப்பட்டது. 2022-ல் சர்வதேச வணிகத்துக்கு மிகக் கடுமையான கட்டுப்பாடும் வந்தது.

ஆச்சர்யம் என்னவென்றால், அடுக்குமாடிகள் நிறைந்த குட்டி நாடான சிங்கப்பூர்தான் இன்று இதன் முக்கியப் புகலிடம். அங்கே சில நூறு பறவைகள் இருக்கின்றன. அதிலும் புலாவ் உபின் தீவு ஸ்பெஷல். ஒருகாலத்தில் கருங்கல் குவாரிகளும் ரப்பர் தோட்டங்களும் இருந்த தீவு அது. குவாரிகள் மூடப்பட்டன, தோட்டங்கள் காடாயின. பறவைகள் பெருகின.

சிங்கப்பூர் வாசகர்களே, சாங்கியில் படகு ஏறினால் சில நிமிடங்களில் உபின். காலையிலேயே போய்விடுங்கள். பறவை கண்ணில் படாவிட்டாலும் குரல் காதில் விழ வாய்ப்பு அதிகம்.