கணக்கு யாருக்கு?

ஏழைக்கு உதவுவது தவறா என்று எம்மைக் கேட்பவர்கள் உளர். தவறன்று. பசித்த பிள்ளையின் கையில் வைக்கப்படும் சோற்றுக்கு நாம் எதிரிகளல்லர். ஆனால், அப்பிள்ளையின் முகத்தைப் படம்பிடித்துக் கடல் கடந்து அனுப்பிப் பணம் திரட்டுவதும், அப்பணத்தின் கணக்கைக் கொடுத்தவரிடம் மட்டும் ஒப்புவித்துவிட்டு, யார் பெயரால் திரட்டப்பட்டதோ அவர்களிடம் வாய் திறவாதிருப்பதும் தர்மமாகுமா? இதுவே எமது கேள்வி.

கண்டி நகரிலிருந்து ஹேவாஹெட்டைக்கும் கம்பளைக்கும் புசல்லாவைக்கும் ஏறிச் செல்லும் மலைப்பாதைகள் தொண்டு ஸ்தாபனங்களுக்குப் புதியனவல்ல. முன்னர் அவர்களுடைய அறிக்கை அச்சாகித் தபாலிற் போய்ச் சேர வாரங்கள் சென்றன. இன்றோ காலையில் லயத்து வாசலில் எடுத்த படம், மாலைக்குள் லண்டனிலும் டொரொண்டோவிலும் கைத்தொலைபேசிகளில் ஒளிர்கிறது. ஒரே வேண்டுகோளை இருவேறு படங்களுடன் இரு பகுதியினருக்கு அனுப்பிப் பார்க்கும் முறை இத்தொழிலில் வழக்கமாகிவிட்டது. எந்தப் படத்துக்கு அதிகப் பணம் வருகிறதோ அதுவே நிலைக்கும். மின்னஞ்சலைத் திறந்தவர் யார், திறந்தும் கொடாதவர் யார், சென்ற ஆண்டு கொடுத்தவர் இவ்வாண்டு ஏன் மறந்தார் என்பவையெல்லாம் பதிவாகின்றன. கொடையாளியின் மனத்தை இத்துணை நுணுக்கமாக அளந்து வைத்திருக்கும் இக்கருவி, படத்திலுள்ள பிள்ளையின் தாயிடம் ஒரு சொல் கேட்டதுண்டா?

இக்கருவி எதை விரும்பும், எதை வெறுக்கும் என்பதற்கு ஓர் ஆய்வே சான்று பகர்கிறது. டெபொரா ஸ்மால், ஜோர்ஜ் லோவன்ஸ்டைன், போல் ஸ்லோவிக் ஆகிய மூவரும் 2007இல் வெளியிட்ட அமெரிக்க ஆய்வு அது. மாலி நாட்டைச் சேர்ந்த ரோக்கியா என்னும் ஏழு வயதுச் சிறுமியின் படத்தையும் கதையையும் மட்டும் கண்டவர்கள் தாராளமாகக் கொடுத்தனர். இலட்சக்கணக்கானோரின் பட்டினியைக் கூறும் புள்ளிவிவரங்களை மட்டும் படித்தவர்கள் அதில் ஏறத்தாழப் பாதியே கொடுத்தனர். இரண்டையும் ஒருசேரக் கண்டவர்களோ, சிறுமியை மட்டும் கண்டவர்களைவிடக் குறைவாகவே கொடுத்தனர். ஒரு முகம் பணம் ஈட்டுகிறது. ஒரு சமூகத்தின் நிலைமையை அதனருகே எழுதினால் பணம் குறைகிறது! பணத்தையே அளவுகோலாகக் கொண்ட கருவி எந்தப் பாடத்தைக் கற்கும்? நிலைமையை நீக்கு, முகத்தை வை என்னும் பாடத்தையன்றோ?

இவ்வாறு நீக்கப்படும் நிலைமை யாது? 1867இல் ஹேவாஹெட்டைப் பகுதியில், லூல்கந்துர தோட்டத்தின் 19 ஏக்கரில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்டார் என்பது எல்லோரும் அறிந்த வரலாறு. காடு வெட்டி, கொழுந்து கிள்ளி அத்தொழிலை வளர்த்தவர்கள் தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர்கள். அதே ஹேவாஹெட்டை மலையில், முல்லோயா தோட்டத்தில், 1940 ஜனவரியில் உரிமை கேட்டெழுந்த போராட்டத்தின்போது பொலிசாரின் குண்டுக்குப் பலியானார் கோவிந்தன் என்னும் தொழிலாளி. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் அம்மக்களிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. நாட்சம்பளம் 1000 ரூபா வேண்டும் என்று ஆண்டுக்கணக்கில் குரலெழுப்பிய பின்னரே, 2021 மார்ச்சில் அது வர்த்தமானியில் ஏறியது. அதையும் எதிர்த்துத் தோட்டக் கம்பனிகள் நீதிமன்றம் சென்றன.

இவற்றில் எது அந்த வண்ணப்படத்தின் அடியில் எழுதப்படுகிறது? பிள்ளையிடம் புத்தகப்பை இல்லை என்று எழுதுவர். தந்தையின் கூலியில் ஏன் ஒரு பை வாங்க முடியவில்லை என்று எழுதார். கூலி கேட்பவன் உரிமை பேசுகிறான். பை பெறுபவன் நன்றி கூறுகிறான். நன்றி கூறும் ஏழையையே சந்தை விரும்புகிறது.

படமின்றேல் பணம் வராது, பணமின்றேல் பிள்ளைகள் பட்டினி கிடப்பர் என்று வாதிப்பாருண்டு. இவ்வாதத்தை நாம் எளிதாக ஒதுக்கவில்லை. 2022இன் பொருளாதார நெருக்கடியின்போது வெளிநாடுகளிலுள்ள நம்மவர் அனுப்பிய உதவி பல அடுப்புகளை எரியவைத்தது. அக்கைகளை நாம் வணங்குகிறோம். ஆயினும், நெருக்கடியில் நீட்டிய கை வேறு. வறுமை நீடிப்பதிலேயே தன் பிழைப்பைக் காணும் ஏற்பாடு வேறு. தொண்டு என்றாலே உரிமை பேசலாகாது என்றும் இல்லை. 1972இல் பாதிரியார் போல் கஸ்பெர்ஸ் கண்டியிலே நிறுவிய சத்தியோதயம், தோட்ட மக்களின் உரிமைப் பிரச்சினையை வெளிப்படையாகப் பேசிய ஸ்தாபனமன்றோ?

தோட்டத்து மாரியம்மன் திருவிழாவை நினைத்துப் பாருங்கள். தொழிலாளர் தத்தம் கூலியிலிருந்து பணம் கொடுக்கின்றனர். விழா முடிந்ததும் கோயில் முன்றலில் கணக்கு வாசிக்கப்படுகிறது. தேங்காய்க்கு இவ்வளவா என்று எந்தக் கிழவியும் எழுந்து கேட்கலாம். எழுத்தறியாத அக்கிழவிக்குள்ள அந்த உரிமை, தன் பேரனின் படத்தால் திரண்ட பணத்தின்மீது அவளுக்கு ஏன் இல்லை? கொடையாளிக்கு நொடிப்பொழுதில் ஆங்கிலத்தில் ரசீது அனுப்பும் அதே கருவியால், அவளுடைய மகனின் கைத்தொலைபேசிக்குத் தமிழில் கணக்கனுப்ப முடியாதா? முடியும். குறை கருவியிலில்லை, அதை ஏவுபவரிடமே உள்ளது.

எனவே நாம் கோருவன மூன்று. பெற்றோர் அறிந்து இசையாமல் எப்பிள்ளையின் படமும் வெளிச்செல்லலாகாது. இசைந்தவர் பின்னர் மறுத்தால் அப்படம் அகற்றப்படல் வேண்டும். தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாக்க 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தை இயற்றிய நாட்டில் இது மிகையான கோரிக்கையன்று. திரண்ட தொகையும் செலவான தொகையும் பிரட்டுக்களத்திலே தமிழில் வாசிக்கப்படல் வேண்டும். ஒவ்வொரு வேண்டுகோளிலும் அக்குடும்பத்தின் நாட்கூலியும், அது குடியிருக்கும் லயக்காம்பரா யாருக்குச் சொந்தம் என்பதும் எழுதப்படல் வேண்டும். அதனால் கொடை குறையுமெனில் குறையட்டும். உண்மையறிந்து கொடுப்பவரே நமக்குத் தோழர்.

ஆசிரியத் தோழர்களே, மாணவ நண்பர்களே! படக்கருவியோடு வருபவர் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தித் தரும்படி உங்களைத்தான் கேட்பர். நிறுத்துமுன் அவரிடம் ஒன்று கேளுங்கள்: ‘இப்படத்தின் கணக்கை எங்களிடம் என்றைக்கு வந்து வாசிப்பீர்கள்?’ நாளைக் குறித்துத் தருபவரை வரவேற்போம். குறியாதவரைப் படமின்றியே திருப்பி அனுப்புவோம்.