ஏர் எழுப்பிய நகர்

நாகரிகம் என்னும் சொல் நகரின் வழியே வந்தது. அதனாலோ என்னவோ, நாகரிகத்தை நகரத்தானே படைத்தான் என்றும், உழவன் அதனைப் பின்னர்ப் பெற்றுக்கொண்டவன் என்றும் கற்றோருட் பலரும் கருதுகின்றனர். ஈராக்கின் தென்பகுதியில், இன்று வர்க்கா எனப்படும் மண்மேட்டை அகழ்ந்தவர் கண்ட உண்மை வேறு. அம்மேடே சுமேரியரின் உரூக்கு நகர். கி.மு. 3000 அளவில் இருந்தனவாக அறியப்பட்ட நகர்களுள் அதுவே மிகப் பெரிது.

ஆறு ஓடியதால் நகர் தானே முளைத்தது என்று எழுதுவதும் பிழையே. அங்கு ஆண்டுக்கு 200 மில்லி மீட்டர் மழைகூடப் பெய்வதில்லை. வானை நம்பி ஏர் பூட்ட இயலாது. ஆறோ முறைமாறிப் பெருகுவது. எகிப்தின் நீலாறு கோடை முடிவிற் பெருகி, வடிந்து, விதைப்புக்கு நிலத்தைப் பதப்படுத்திக் கொடுத்தது. இயூப்பிரத்தீசு அத்தகையதன்று. விதைக்குங் காலத்தில் அது மெலிந்து கிடக்கும். வடமலைப் பனி உருகும் இளவேனிலில், கதிர் முற்றி அறுவடைக்கு நிற்கும் வேளையிற் பெருக்கெடுத்து வரும். வேண்டுங்கால் ஒளிந்தும் வேண்டாக்கால் பாய்ந்தும் அலைக்கழித்த அந்நீரைக் கால் வெட்டிக் கொணர்ந்தும், கரை கட்டித் தடுத்தும், படிந்த வண்டலை மீண்டும் மீண்டும் வாரியும் அடக்கியோர் உழவரே. ஒரு குடும்பத்தால் ஆகும் பணியா அது? ஊர் கூடினாலன்றி நடவாது. அக்கூட்டுழைப்பிலேயே நகரின் கரு இருந்தது.

உண்டதுபோக எஞ்சிய வாற்கோதுமை கோயிற் களஞ்சியங்களுக்குச் சென்றது. குயவனும் தச்சனும் நெசவாளனும் உழாமல் உண்டனர். வந்ததும் அளந்ததும் நினைவில் அடங்காதபோது களிமண் பலகையிற் குறித்தனர். கி.மு. 3300-3200 அளவில் தோன்றிய அக்குறிகளே பின்னர் ஆப்பெழுத்தாக வளர்ந்தன. அத்தொன்மைப் பலகைகளுட் பெரும்பாலன வெறுங் கணக்கே: தவசம் இத்துணை, ஆடு இத்துணை, வாற்கோதுமைக் கள் இத்துணை. எழுத்தைக் கடவுள் அருளினார் என்னும் கதை பல நாடுகளிலும் உண்டு. உரூக்கில் அதனை ஈன்றது கூலக்குதிர்!

உண்ணுதலைக் குறிக்க அவர்கள் வரைந்தது ஒரு தலையும் ஒரு கிண்ணமும். சாய்ந்த விளிம்புடைய முரட்டுக் கிண்ணங்கள் அங்கு ஏராளமாகக் கிடைத்துள்ளன. உழைப்போர்க்குப் படி அளந்த கலங்கள் அவை என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. அஃது உண்மையாயின், களஞ்சியத்தை நிரப்பிய கைகளே அதன் வாயிலிற் கிண்ணம் ஏந்தியும் நின்றிருக்கும்.

பின்னர் எழுந்த மதிலின் நீளம் ஏறத்தாழ 9 கிலோ மீட்டர். அதனைக் கில்கமேசு கட்டினான் என்று பழம்பாட்டுப் புகழ்கிறது. பிற்கால அரசர்களோ வாய்க்கால்களையும் தாமே வெட்டியதாகக் களிமண்ணிற் பொறித்துக்கொண்டனர். மண் சுமந்தவர் பெயர் அப்பொறிப்புகளில் இல்லை.