மீட்டரை நமக்கும் காட்டுங்கள்

செம்பனை ஆலைகளில் இப்போது ஒரு புதுப் பேச்சு அடிபடுகிறது. பாய்லர் தண்ணீர் எவ்வளவு, நீராவி அழுத்தம் எவ்வளவு, எண்ணெய்த் தொட்டியின் சூடு எவ்வளவு என்று பார்க்க இனி ஆள் ஏறி இறங்க வேண்டாமாம். அங்கங்கே உணர்கருவியைப் பொருத்திவிட்டால் அதுவே அளந்து, கம்பியில்லாமல் செய்தி அனுப்பிவிடுமாம். ஆபீஸ் கம்ப்யூட்டரிலும் நிர்வாகியின் கைப்பேசியிலும் கணக்கு வந்து நிற்கும். அளவு மீறினால் வால்வை மூடுவதும் பம்பை நிறுத்துவதும்கூட அதன் வேலைதான். இதற்குப் ‘பொருள்களின் இணையம்’ என்று பெயர். சுருக்கமாக ஐ.ஓ.டி. என்கிறார்கள்.

“அப்படின்னா நம்ம வேலை போச்சா அண்ணே?” என்றுதான் ஆலைத் தோழர்கள் முதலில் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான், அதற்கும் வருவோம். ஆனால் அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. கருவி அளந்து சொல்லும் கணக்கைப் பார்ப்பது யார்?

ரப்பர் காலத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். விடியுமுன் பெரட்டுக்குப் போய், பால் வெட்டி, வாளி சுமந்து கொட்டாய்க்கு வந்தால் அங்கே இரண்டு நீதிபதிகள். ஒன்று தராசு, மற்றொன்று மெட்ரோலாக். பாலில் தண்ணீர் கலந்து, அந்த மிதவையை விட்டு, எத்தனை பங்கு உலர்ந்த ரப்பர் தேறும் என்று பார்ப்பார்கள். அது காட்டும் எண்ணைக் கிராணி குனிந்து படித்துப் புத்தகத்தில் எழுதுவார். மரம் வெட்டியவர் எட்டத்தான் நிற்க வேண்டும். “ஐயா, நேத்தும் இதே மரந்தானுங்களே, இன்னிக்கு எப்படிங்க குறையும்?” என்று கேட்டால், “மழைத்தண்ணி சேர்ந்திருக்கு, போ” என்று பதில் வரும். பள்ளிக்கூடம் விட்டு வந்து, தாயாரின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு இதை நாமே நின்று பார்த்ததுண்டு. மெட்ரோலாக் பொய் சொன்னது என்று நாம் சொல்ல வரவில்லை. பாடுபட்டவர் ஒருவர், படித்துச் சொன்னவர் வேறொருவர். கூலி அந்த எண்ணில் தொங்கியது. குனிந்து பார்க்கும் உரிமைதான் நமக்கு இல்லை.

ஆகவே புதுக் கருவியை வேண்டாம் என்று தள்ளுகிறோமா? கிடையாது. பழக்குலை வேகும் ஸ்டெரிலைசரை எடுத்துக்கொள்ளுங்கள். சுமார் 3 பார் அழுத்தம், 140 டிகிரி செல்சியஸ் அளவு சூடு, ஒன்றரை மணி நேரம் வரை வேக்காடு. உள்ளே அழுத்தம் மிச்சமிருக்கும்போது கதவு திறந்துவிட்டால் எதிரில் நிற்பவர் கதி என்ன? அழுத்தம் முழுதும் இறங்கும்வரை கதவைத் திறக்கவிடாத பூட்டும், அதற்குத் தகவல் கொடுக்கும் உணர்கருவியும் எல்லா ஆலையிலும் ஒழுங்காக வேலை செய்ய வேண்டும் என்பதே நம் ஆசை.

அதைவிட மோசமானது கழிவுத் தொட்டி. ஆலைக் கழிவு அழுகினால் மீத்தேன் வாயுவோடு ஹைட்ரஜன் சல்பைடும் கிளம்பும். கொஞ்சமாக இருந்தால் அழுகின முட்டை நாற்றம் அடிக்கும். அளவு ஏறிவிட்டால் மூக்கே மரத்துப் போகும். நாற்றம் இல்லை என்று நம்பி ஒருவர் இறங்கி விழுவார், அவரைத் தூக்க இன்னொருவர் இறங்குவார், இரண்டு உயிரும் போகும். மூக்கை நம்பக் கூடாத இடம் அது. மூடிய இடங்களில் வேலை செய்வதற்கான 2010ஆம் ஆண்டு நடைமுறை விதி, இறங்குமுன் காற்றைச் சோதிக்கச் சொல்கிறது, ஆக்சிஜன் 19.5 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது என்கிறது. வெளியே ஒருவர் காவல் நிற்க வேண்டும் என்கிறது. கருவி இடைவிடாமல் மோந்து பார்த்துக்கொண்டே இருக்குமென்றால் கசக்குமா?

ஆனால் அண்மையில் ஓர் ஆலையில் நடந்ததைக் கேளுங்கள். பெயர் வேண்டாம். பாய்லருக்குத் தண்ணீர் கொடுக்கும் தொட்டியில் புதிய உணர்கருவி வைத்தார்கள். மட்டம் குறைந்தால் கைப்பேசிக்கு எச்சரிக்கை போகும். யார் கைப்பேசிக்கு? நிர்வாகிக்கும் என்ஜினியருக்கும். ஆலைக்குள் தொழிலாளி கைப்பேசி கொண்டுபோகத் தடை! ஒருநாள் ராத்திரி மட்டம் இறங்கியது. எச்சரிக்கையும் போயிற்று, பட்டணத்தில் தூங்கிக்கொண்டிருந்தவரிடம். “எனக்கு யாரும் சொல்லல அண்ணே, வழக்கம்போல சுத்தி வந்தப்பதான் பார்த்தேன், உடனே பம்பைப் போட்டேன்” என்கிறார் அந்த ஷிப்டில் இருந்த தம்பி. மறுவாரம் அவருக்குக் காரணம் கேட்டுக் கடிதம். எச்சரிக்கை வந்து 11 நிமிடம் கழித்துத்தான் பம்பு ஓடியதாகக் கம்ப்யூட்டர் சொல்கிறதாம்!

மெட்ரோலாக் திரும்பி வந்துவிட்டது பாருங்கள்.

40 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்பு, சுகாதாரக் குழு இருக்க வேண்டும் என்பது 1994ஆம் ஆண்டின் தொழிலிடப் பாதுகாப்புச் சட்டம். அதில் தொழிலாளர் பிரதிநிதியும் உட்கார வேண்டும். கருவி எழுதிவைக்கும் கணக்கு முழுவதும் அந்தக் குழுவின் மேசைக்கு வர வேண்டும். எச்சரிக்கை ஒலிப்பானும் விளக்கும் வேலை நடக்கும் இடத்திலேயே இருக்க வேண்டும், எழுத்து மலாயிலும் வேண்டும். நம்மோடு நிற்கும் வங்காளதேசத் தம்பிக்கும் விளங்குகிற மாதிரிப் படமும் வேண்டும். கையால் நிறுத்தும் பொத்தானை எடுத்துவிடக் கூடாது. மழை இடி என்றால் தோட்டத்தில் லைன் போய்விடும், நீராவியும் தூசியும் கருவியைக் கெடுக்கும். கெட்டுப்போன கருவி எல்லாம் சரி என்றே காட்டிக்கொண்டிருக்கலாம்.

அதே சட்டம் 2024 ஜூன் 1 முதல் திருத்தத்தோடு அமலில் இருக்கிறது. உடனடி ஆபத்து என்று நம்ப நியாயமான காரணம் இருந்து, முதலாளியிடம் சொல்லியும் அவர் நடவடிக்கை எடுக்காவிட்டால், தொழிலாளி அந்த இடத்தைவிட்டு விலகலாம் என்று சொல்கிறது. நல்ல உரிமை. மீட்டரை மறைத்து வைத்துவிட்டால் அந்தக் காரணத்தை எங்கே போய்த் தேடுவது?

இனி வேலை விஷயம். தொட்டி ஏறிப் பார்க்கும் வேலை குறையத்தான் செய்யும், மழுப்ப வேண்டாம். அந்த ஆட்களுக்குக் கருவியைப் பார்க்கவும் பழுது நீக்கவும் பயிற்சி கொடுங்கள் என்பதே நம் முதல் கோரிக்கை. பட்டணத்திலிருந்து குத்தகைக்காரனைக் கொண்டுவருவது அப்புறம். அப்படியும் ஆட்குறைப்புத்தான் என்றால் 1980ஆம் ஆண்டு விதிகள் இருக்கின்றன: 5 வருடமும் அதற்கு மேலும் சேவை செய்தவருக்கு வருடத்துக்கு 20 நாள் சம்பளத்துக்குக் குறையாமல் கொடுக்க வேண்டும். வெற்றுத் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு அப்புறம் சங்கத்துக்கு ஓடி வராதீர்கள்.

அந்தத் தம்பிக்கு வந்த கடிதத்துக்குப் பதில் எழுதிக் கொடுத்திருக்கிறோம். 11 நிமிடக் கணக்கை நாங்கள் மறுக்கவில்லை. எச்சரிக்கை எந்தக் கைப்பேசிக்குப் போயிற்று, அதை வைத்திருந்தவர் அந்த 11 நிமிடமும் என்ன செய்தார் என்பதையும் அதே கம்ப்யூட்டரிலிருந்து எடுத்துத் தரும்படி கேட்டிருக்கிறோம்.