நாலு மூளை, நாலு கடிகாரம்!

சுருளிப்பட்டித் திராட்சைத் தோட்டத்தில் இரண்டு கணக்குப்பிள்ளைகள் பெட்டிகளை எடை போட்டு, மணி குறிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் கடிகாரம் 5 நிமிடம் பின்தங்கினால்? பின்னால் வந்த பெட்டி முன்னால் வந்ததாகிவிடும்!

கம்ப்யூட்டரிலும் இதே வம்புதான். அதன் மூளைக்குப் பிராசஸர் என்று பெயர். நாலு பிராசஸர் இருந்தால், இன்டெல் வகையில், நாலு கடிகாரம்!

பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-ல் தொடங்கிய 'லினக்ஸ்', இவற்றை ஒத்துப் பார்க்கிறது. ஒன்றையடுத்து மற்றொன்றைக் கேட்கும்போது நேரம் பின்னால் போகிறதா? உடனே அவற்றைத் தள்ளிவிட்டு, பொதுவான வேறொரு கடிகாரத்துக்கு மாறுகிறது. அதில் மணி பார்க்கச் சற்றுத் தாமதமாகும்.

ஆகட்டுமே! தோட்டக்காரர் பாங்கியில் பணம் போட்டு, பிறகு எடுக்கிறார். எடுத்தது முன்னால் பதிவானால், "கணக்கில் பணமில்லை" என்றல்லவா சொல்வார்கள்?