‘ஃபார்மேட்’ பட்டனைத் தொடும் முன்...

‘எஸ்டி கார்டு பழுதடைந்துள்ளது. ஃபார்மேட் செய்யவும்’ என்று போன் திரையில் ஒரு வரி வந்தால், நம் விரல் தானாகவே ‘ஓகே’ பட்டனைத் தேடிப் போகும். கொஞ்சம் பொறுங்கள்! பேத்தியின் காதுகுத்துப் படங்களும், மறைந்துபோன அப்பா பேசிய வீடியோவும் அந்தக் கார்டில் மட்டும்தான் இருக்கின்றன என்றால், அவசரப்பட்டு அழுத்தும் அந்த ஒரு பட்டன் எல்லாவற்றையும் கொண்டுபோய்விடலாம்.

மெமரி கார்டை ஒரு பெரிய நோட்டுப் புத்தகமாக நினைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பகுதி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்ற குறிப்பு முதல் பக்கத்தில் இருக்கும். இதுதான் ‘பார்ட்டிஷன் டேபிள்’. அடுத்து, எந்தப் படம் எந்தப் பக்கத்தில் என்ற பொருளடக்கம். படம் பதிவாகும்போதே கார்டை உருவினாலோ, போன் சட்டென்று அணைந்தாலோ இந்தப் பக்கங்கள் கெட்டுப்போகலாம். போனுக்கு வழி தெரியவில்லையே தவிர, பல நேரங்களில் படங்கள் உள்ளே அப்படியேதான் இருக்கும்.

அவற்றை எடுப்பது எப்படி?

1. போனை அணைத்துவிட்டு கார்டை வெளியே எடுங்கள். தங்க நிறத்தில் இருக்கும் பகுதியை உலர்ந்த மெல்லிய துணியால் துடைத்து, மறுபடி செருகிப் பாருங்கள். சில நேரம் இதுவே போதும்.

2. சரியாகவில்லையா? கார்டு ரீடர் வழியாகக் கம்ப்யூட்டரில் போடுங்கள். அங்கேயும் ‘ஃபார்மேட் செய்யலாமா?’ என்று கேட்டால் ‘கேன்சல்’ கொடுங்கள். புதிதாக எதையும் அந்தக் கார்டில் பதிவு செய்யாதீர்கள்.

3. படங்கள் தெரிந்தால் உடனே காப்பி எடுங்கள். தெரியாவிட்டால் ‘ஃபோட்டோரெக்’ என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. பொருளடக்கத்தை நம்பாமல், பக்கம் பக்கமாகத் தேடிப் படங்களை எடுக்கும். பழைய ஃபைல் பெயர்கள் மட்டும் போய்விடும். மீட்டவற்றைக் கம்ப்யூட்டரில்தான் சேமிக்க வேண்டும்; அதே கார்டில் கூடாது.

4. எல்லாம் பத்திரமான பிறகுதான் ஃபார்மேட். கார்டு இரண்டு மூன்று துண்டுகளாகப் பிரிந்து, 64 ஜிபி கார்டு சில ஜிபி மட்டும் காட்டினால், சாதாரண ஃபார்மேட் ஒரு துண்டை மட்டுமே சரிசெய்யும். எஸ்டி அசோசியேஷன் இலவசமாகத் தரும் ‘எஸ்டி மெமரி கார்டு ஃபார்மேட்டர்’ முழுக் கார்டையும் ஒழுங்குபடுத்தும். 32 ஜிபி வரையிலான கார்டுகளுக்கு ‘ஃபேட் 32’, அதற்கு மேல் ‘எக்ஸ்ஃபேட்’ என்பதுதான் வழக்கமான முறை. எக்ஸ்ஃபேட் தெரியாத பழைய போன்களில் புத்தம் புதிய 64 ஜிபி கார்டுகூடப் பழுதானதாகக் காட்டும். அது கார்டின் குற்றமல்ல.

ஒரு முக்கியமான விதிவிலக்கு: 2015-ல் வந்த ஆண்ட்ராய்டு 6 முதல், சில போன்களில் மெமரி கார்டை போனின் சொந்த ஸ்டோரேஜாக மாற்றிக்கொள்ளலாம். அப்படி மாற்றினால் கார்டு பூட்டப்படும். சாவி அந்த போனுக்குள் இருக்கும். கம்ப்யூட்டரில் போட்டால் பெயர் தெரியாத பார்ட்டிஷன்களாகத் தெரியும், ஃபோட்டோரெக்கும் உதவாது. அதே போனில் திரும்பப் போடுவதுதான் வழி. போனை ‘ஃபேக்டரி ரீசெட்’ செய்தால் சாவியும் போய்விடும். எனவே, ரீசெட் செய்யும் முன் படங்களை வேறு இடத்துக்கு மாற்றிவிடுங்கள்.

ஃபார்மேட் செய்த பிறகும் அதே பிழை திரும்பத் திரும்ப வருகிறதா? கார்டின் ஆயுள் முடிந்திருக்கலாம். அல்லது போலி கார்டாக இருக்கலாம். வெளியே ‘512 ஜிபி’ என்று அச்சிட்டு, உள்ளே அதில் சிறு பங்கு மட்டுமே இருக்கும் கார்டுகள் மலிவு விலையில் உலவுகின்றன. உண்மையான இடம் நிரம்பியதும், அதன்பின் எடுக்கும் படங்கள் கெட்டுப்போகும். காலியான கார்டை ‘எச்2டெஸ்ட்டபிள்யூ’ என்ற இலவச மென்பொருளில் சோதித்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

கார்டு நன்றாக இருக்கும்போதே, வரும் ஞாயிற்றுக்கிழமை ஒரு அரை மணி நேரம் ஒதுக்கி, படங்களை இன்னோர் இடத்தில் காப்பி எடுத்து வையுங்கள். பிறகு அந்தப் பிழைச் செய்தி எப்போது வந்தாலும் பதற வேண்டியதில்லை.