வேலை ஒருவருக்கு, ஊர்மாற்றம் வீட்டுக்கு

நியூயார்க்கிலோ சான் பிரான்சிஸ்கோவிலோ வேலை என்றால் சிங்கப்பூரில் உள்ள நம் வீடுகளில் அதிகம் பேச்சு இருக்காது. அந்த ஊர்களைப் பற்றி ஆளுக்கொரு முடிவு ஏற்கெனவே மனத்தில் இருக்கும். சின்சினாட்டி என்றால்தான் வீடு யோசிக்கத் தொடங்குகிறது. அமெரிக்காவின் நடுமேற்கில், ஒஹையோ ஆற்றங்கரையில் இருக்கும் ஊர் அது. 2020 கணக்கெடுப்பில் மக்கள்தொகை மூன்று லட்சத்துச் சொச்சம். சுற்றுவட்டாரத்தைச் சேர்த்தால் இருபது லட்சத்தைத் தாண்டும். ஆற்றுக்கு அக்கரை கென்டக்கி மாநிலம். ஊருக்கான விமான நிலையமே அந்தக் கரையில்தான் இருக்கிறது. 1837இல் சோப்பும் மெழுகுவத்தியும் விற்க அங்கே தொடங்கிய பிராக்டர் அண்ட் கேம்பிளுக்கு இன்றும் அதுதான் தலைமையிடம். அதே நிறுவனம் 2014இல் நம் பயோபொலிசில் ஆய்வு மையம் திறந்தது. இப்படி இரண்டு பக்கமும் கால் ஊன்றிய நிறுவனங்கள் இருப்பதால், பெயர் தெரியாத நடுத்தர ஊர்கள் நம் பிள்ளைகளின் சாப்பாட்டு மேசைக்கு வந்து சேர்கின்றன.

என் தங்கை மகள் வீட்டில் இப்போது அந்தப் பேச்சுதான். மாப்பிள்ளைக்குச் சின்சினாட்டியில் மூன்று ஆண்டு வேலை, நல்ல சம்பளம். அவள் இங்கே மருத்துவமனையில் மருந்தாளர். மகன் தொடக்கநிலை இரண்டு. அங் மோ கியோவில் வீவக வீடு. மாமியார் இரண்டு புளோக் தள்ளி இருக்கிறார். சனிக்கிழமை தேக்கா சந்தையில் மீனும் முருங்கைக்கீரையும் வாங்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தவள், கைப்பேசியில் ஒரு பட்டியலைத் திறந்து நீட்டினாள். "பெரியம்மா, பாத்துச் சொல்லுங்க. போகலாமா?"

சுத்தமான பட்டியல். வீட்டு வாடகை, இரண்டு கார், காப்புறுதி, வரி, குளிர்காலத் துணிமணி, ஆண்டுக்கு ஒரு முறை விமானச் சீட்டு என ஒவ்வொன்றுக்கும் டாலரிலும் வெள்ளியிலும் தொகை போட்டிருந்தாள். கூட்டிக் கழித்தால் மாதம் நல்ல தொகை மிஞ்சும். மேலும் கீழும் தள்ளிப் பார்த்தேன். பள்ளி விட்டதும் மதியம் ஒன்றரை மணிக்கு வாசலில் குடையுடன் நிற்கும் மாமியார் அதில் இல்லை. பேரனைக் கூட்டி வந்து, சோறு போட்டு, தமிழ் வீட்டுப்பாடத்துக்கு உட்கார வைத்து, இவர்கள் இருவரும் வேலை முடிந்து வரும்வரை வைத்திருப்பவர் அவர்.

"அத்தை செய்றதுக்கெல்லாம் எப்படிப் பெரியம்மா கணக்குப் போடுறது?"

போட்டுத்தான் ஆக வேண்டும் என்றேன். அதைத்தான் இந்தப் பத்தியிலும் சொல்ல விரும்புகிறேன். சிங்கப்பூரில் நம் வாழ்க்கையின் பாதிச் சுமையை ஊர் சுமக்கிறது. பெருவிரைவு ரயில், அடுக்குமாடிக்குக் கீழே உணவங்காடி, நடந்து போகும் தூரத்தில் மருந்தகம், பக்கத்துப் புளோக்கில் பெற்றோர், பள்ளிக்கூடத்தில் தமிழ். நாம் கேட்காமலே நடப்பதால் இவற்றை யார் சுமக்கிறார்கள் என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. நடுத்தர அமெரிக்க ஊருக்குப் போனால் இவை அத்தனையும் வீட்டின் தோளில் இறங்கும். வீட்டில் யார் தோளில் என்று கேட்ட பிறகே சம்பளத்தைப் பேச வேண்டும்.

ரயிலையே எடுத்துக்கொள்வோம். சின்சினாட்டிக்கும் சுரங்க ரயில் கனவு இருந்தது. 1916இல் மக்கள் வாக்களித்து அறுபது லட்சம் டாலர் கடன்பத்திரத்துக்கு ஒப்புதல் கொடுத்தார்கள். 1920இல் தோண்டத் தொடங்கினார்கள். போருக்குப் பிந்தைய விலையேற்றத்தில் பணம் போதாமல் போய், அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் வேலை நின்றுவிட்டது. இரண்டு மைலுக்கு மேற்பட்ட சுரங்கம், ஒரு பயணியைக்கூட ஏற்றாமல் இன்றும் தெருவுக்குக் கீழே கிடக்கிறது. பேருந்து உண்டு, நகர மையத்தைச் சுற்றி ஒரு டிராம் உண்டு. ஆனாலும் புறநகர்க் குடும்பத்துக்குக் கார் இல்லாமல் நாள் ஓடாது. பள்ளி, கடை, மருத்துவர், நீச்சல் வகுப்பு என எதற்கும் யாரோ ஒருவர் வண்டி எடுக்க வேண்டும். அலுவலகம் போகிறவர் அந்த ஒருவராக இருக்க முடியாது.

அதனால்தான் நான் அவளிடம் முதலில் விசாவைக் கேட்டேன். நம் ஆட்கள் பலர் இதைக் கடைசியில்தான் விசாரிக்கிறார்கள். சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு எச்-1பி1 என்று தனி விசா உண்டு. தடையற்ற வர்த்தக உடன்பாட்டின்படி 2004 முதல் ஆண்டுக்கு 5,400 இடம் நமக்கென்று ஒதுக்கியிருக்கிறார்கள். குலுக்கல் கிடையாது, எளிதாகக் கிடைக்கும். ஆனால் அதில் போகிறவரின் கணவனோ மனைவியோ அங்கே வேலை செய்ய முடியாது. நிறுவனம் தன் ஊழியரை உள்மாற்றமாக எல்-1 விசாவில் அனுப்பினால், உடன் போகும் துணைக்கு வேலை உரிமை உண்டு. ஒரே வேலை, ஒரே சம்பளம், ஒரே ஊர். தாளில் உள்ள இரண்டு எழுத்தைப் பொறுத்து ஒரு பெண்ணின் மூன்றாண்டு தொழில் இருக்கும், அல்லது இருக்காது. மருந்தாளருக்கு அதிலும் ஒரு படி கூடுதல்: வேலை உரிமை கிடைத்தாலும் மாநில உரிமம் வேண்டும், வெளிநாட்டில் படித்தவர்கள் அதற்குத் தனித் தேர்வுகள் எழுத வேண்டும்.

அவளுக்கு இது தெரியும். "மூணு வருஷம்தானே, நான் பாத்துக்கிறேன்" என்று மாப்பிள்ளையிடம் சொல்லியிருக்கிறாள். இந்தச் சொல் எனக்குப் பழக்கமானது. ரஜூலா கப்பலில் நாகப்பட்டினத்திலிருந்து இங்கே வந்த ஆண்களின் வீடுகளிலும் இதையேதான் சொல்லியிருப்பார்கள். 1819இல் பினாங்கிலிருந்து ராஃபிள்சுடன் வந்து செங்கல் சூளை போட்டு, துணிக்கடை வைத்து, பின்னாளில் சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயில் எழக் காரணமாக இருந்த நாராயண பிள்ளை முதல், துறைமுகத்தில் மூட்டை தூக்கிய பெயர் தெரியாத பல்லாயிரம் பேர் வரை, வந்தவர்களின் கதையை நாம் எழுதி வைத்திருக்கிறோம். தஞ்சையிலும் இராமநாதபுரத்திலும் வயலையும் கடனையும் மாமியாரையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்ட பெண்களின் கதையை யாரும் எழுதவில்லை. இடம்பெயர்தலால் வாழ்ந்த சமூகம் நாம். அதற்கு விலை கொடுத்தவர்கள் பெரும்பாலும் கப்பல் ஏறாதவர்கள். இன்று மனைவியும் கூடவே விமானம் ஏறுகிறாள் என்பதால் அந்த விலை இல்லாமல் போய்விடாது.

இன்னும் சில கணக்குகள் உண்டு. அமெரிக்க நிறுவனத்தின் சம்பளத்துக்கு மாறினால் இங்கே மத்திய சேம நிதிச் சந்தா நின்றுவிடும். ஊழியரின் 20 விழுக்காடும் முதலாளியின் 17 விழுக்காடும் அந்த ஆண்டுகளில் சேராது. ஐந்தாண்டு குடியிருப்புக் காலம் முடிந்திருந்தால் வீவக வீட்டை முழுதாக வாடகைக்கு விடலாம். ஆனால் அந்த வாடகையையும் அமெரிக்க வரிக்கணக்கில் காட்ட வேண்டும். மகனுக்கு 13 வயதானால், மூன்று மாதமோ அதற்கு மேலோ வெளிநாட்டில் இருக்க தேசிய சேவைக்கான வெளியேற்ற அனுமதி வாங்க வேண்டும். நேர வித்தியாசம் கோடையில் 12 மணி, நவம்பரில் அவர்கள் கடிகாரத்தைத் திருப்பியதும் 13 மணி. இங்கே மாமியாருக்கு இரவில் நெஞ்சு வலித்தால் அங்கே நண்பகல். போன் வந்து, விமானம் பிடித்து வந்து சேர ஒரு நாளுக்கு மேல் ஆகிவிடும்.

இவ்வளவும் சொன்னதால் போகவே வேண்டாம் என்கிறேன் என்று நினைத்துவிட வேண்டாம். நடுத்தர ஊருக்கு ஒரு பெரிய நன்மை இருக்கிறது, அதை நான் மதிக்கிறேன். சிங்கப்பூரில் தமிழ் ஆட்சிமொழி. பணத்தாளில் இருக்கிறது, ரயில் அறிவிப்பில் கேட்கிறது, ஒலி 96.8இல் நாள் முழுதும் பேசுகிறது. தமிழ் முரசு 1935 முதல் வருகிறது. இத்தனை இருந்தும் பிள்ளைகள் வீட்டில் ஆங்கிலம்தான் பேசுகிறார்கள். அமெரிக்க ஊர்களில் வாரயிறுதித் தமிழ்ப் பள்ளியைப் பெற்றோர்களே நடத்துகிறார்கள். அங்கே அப்பா நாற்காலி அடுக்குவதையும் அம்மா கரும்பலகையில் எழுதுவதையும் பிள்ளை பார்க்கும். யாரோ பார்த்துக்கொள்வார்கள் என்று விட முடியாத ஊரில் இருந்துவிட்டு வந்தால், இங்கே நமக்காகச் செய்து வைத்திருப்பதன் அருமையும் தெரியும், அதில் நம் பங்கைச் செய்யவும் தோன்றும்.

ஆகவே தங்கை மகளுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். எல்-1 விசாவைக் கேட்டு வாங்குங்கள். நிறுவனம் மறுத்தால், மனைவியின் மூன்றாண்டு வருமானத்தையும் அவளுடைய சேம நிதியையும் செலவுப் பக்கத்தில் எழுதிவிட்டுப் பட்டியலை மறுபடி கூட்டுங்கள். மகன் உயர்நிலைப் பள்ளிக்குப் போவதற்குள் திரும்பும் ஆண்டை இப்போதே இருவரும் பேசி எழுதி வையுங்கள். அத்தையைப் பார்த்துக்கொள்வது யார் என்று அத்தையையும் உட்கார வைத்துப் பேசுங்கள். அவருக்கு வேறு விருப்பம் இருக்கலாம். அலுவலகம் போகிறவரே வாரத்தில் எந்தெந்த நாள் வண்டி எடுப்பார், சமைப்பார் என்பதையும் இங்கேயே முடிவு செய்யுங்கள். சரக்குப் பெட்டி போய் இறங்கிய பிறகு அதைப் பேச யாருக்கும் நேரம் இருக்காது.

இத்தனைக்கும் பதில் கிடைத்தால் சின்சினாட்டிக்கு மகிழ்ச்சியாகப் போய் வாருங்கள். "நான் பாத்துக்கிறேன்" என்ற ஒருத்தியின் சொல் மட்டும்தான் எல்லாவற்றுக்கும் பதில் என்றால், அந்த வேலையை ஏற்க வேண்டாம். நல்ல சம்பளம் இன்னொரு முறையும் வரும்.